காய்ச்சலைக் கடிந்துகொண்டவர்: அன்றாட வாசகங்களைப் பற்றி ஒரு சகோதரிக்குப் பதில்

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நான்கு வருடமாகத் தினமும் காலையில் கைபேசியில் அன்றைய திருப்பலி வாசகங்களையும் அதற்கான சிந்தனையையும் படிக்கிறேன். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் மறந்துபோகிறது. என் மாமியார் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அவரிடம் எரிந்து விழுகிறேன், பிறகு குளியலறையில் நின்று அழுகிறேன். வாசிப்பதில் நான் எங்கே தவறுகிறேன்?"

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டி, துணி மாற்றிவரும் உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்பதை மட்டும் வைத்து உங்கள் விசுவாசத்தை எடை போடாதீர்கள். உடம்பு ஓய்ந்துபோனால் நாக்கு முந்திக்கொள்ளும். அதை ஒப்புரவு அருள்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொல்லுங்கள். ஆனால் நான்கு வருட வாசிப்பும் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி இருந்திருந்தால் உங்களுக்கு அழுகை வந்திருக்காது.

நீங்கள் கேட்டது வாசிக்கும் முறையைப் பற்றி. எங்கள் பங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மறைக்கல்வி நடத்தியவன், பீடத்தில் வாசகம் வாசிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"வாசகங்களையும் அதற்கான சிந்தனையையும் படிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டில் எது உங்கள் மனதில் தங்குகிறது என்று நேர்மையாகப் பாருங்கள். பெரும்பாலும் வாசகத்தை வேகமாக ஓட்டிவிட்டுக் கீழே உள்ள சிந்தனைக்கு இறங்கிவிடுகிறோம். அங்கே ஒரு குட்டிக்கதை இருக்கும், மூன்று கருத்துகள் இருக்கும், கடைசியில் ஒரு செபம் இருக்கும். எழுதியவர் அந்தப் பகுதியோடு உட்கார்ந்து போராடி எடுத்ததை நாம் இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிடுகிறோம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குயிகோ என்ற கார்த்தூசியன் துறவி இறைவார்த்தையை வாசிப்பதைச் சாப்பாட்டோடு ஒப்பிட்டார். வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது அதை மெல்லுவது, செபிப்பது அதன் சுவையை உணர்வது, அதற்குப் பிறகு வரும் இறைக்காட்சி அந்த இனிமையே என்றார். நம் ஊரில் 'அசைபோடுவது' என்று இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறோம். இன்னொருவர் மென்றதைத் தின்று யாருக்கும் வயிறு நிறையாது. ஆகவே ஒரு மாதத்திற்குச் சிந்தனைப் பகுதியை நிறுத்திவிடுங்கள். அதற்கென்று நீங்கள் ஒதுக்கும் பத்து நிமிடத்தையும் வாசகத்துக்கே கொடுங்கள். பிறகு வேண்டுமானால், உங்கள் சிந்தனை முடிந்தபின், மற்றவர் என்ன கண்டார் என்று பாருங்கள். அப்போது அது உண்மையிலேயே உதவும்.

அடுத்தது, கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. நிறையப் பேருக்கு இது சொல்லித்தரப்படவில்லை என்பது என் மனக்குறை. அன்றைய வாசகம் யாரோ அன்றைக்குத் தோன்றியபடி எடுத்துப்போட்டதல்ல. இறைவார்த்தையின் பந்தி இறைமக்களுக்கு இன்னும் தாராளமாகப் பரிமாறப்பட வேண்டும், விவிலியத்தின் கருவூலங்கள் திறக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டது. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப ஒரே வாசகங்கள்தான் வரும், அதுவும் இரண்டு மட்டும். 1969இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறுக்கு மூன்று ஆண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. மாற்கு சிறியது என்பதால் அந்த ஆண்டின் நடுவில் ஐந்து ஞாயிறுகளுக்கு யோவானின் ஆறாம் அதிகாரம், வாழ்வு தரும் உணவு பற்றிய பகுதி, நுழைந்துகொள்ளும். வாரநாள்களில் பொதுக்காலத்து (திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவம், பாஸ்கா காலங்கள் போக மீதி வாரங்கள்) முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்று, நற்செய்தி ஒவ்வோர் ஆண்டும் அதே வரிசை: முதல் ஒன்பது வாரம் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா.

இது தெரிந்தால் ஒரு வீண் சிரமம் குறையும். "முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் என்ன தொடர்பு?" என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறன்று தேடலாம், அங்கே பழைய ஏற்பாட்டு வாசகம் நற்செய்தியை மனதில் வைத்தே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வாசகம் தன் போக்கில் தனியாகப் போகும். தவக்கால வாரநாள்களிலும் தொடர்பு இருக்கும். ஐந்தாம் வாரத் திங்களன்று, பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட சூசன்னாவின் கதை வருகிறது. அதோடு, ஞாயிறன்று அதே பகுதி வாசிக்கப்படும் ஆண்டைத் தவிர, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு காப்பாற்றும் நற்செய்தியும் வரும். ஒருத்தி குற்றமற்றவள், மற்றவள் அப்படி அல்ல, இருவருமே மரண தண்டனையிலிருந்து தப்புகிறார்கள். ஆனால் பொதுக்காலத்து வாரநாள்களில் இரண்டு வாசகங்களும் ஒரே தெருவில் போகும் இரண்டு பேரைப் போல. அவரவர் தன் வழி போகிறார். வலுக்கட்டாயமாகக் கைகோர்க்க வைக்க வேண்டாம். நேற்று எங்கே விட்டது, இன்று எங்கே தொடர்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே பலன் தரும்.

இந்தத் 'தொடர்ச்சி' எவ்வளவு தரும் என்பதை ஒரே ஓர் இடத்தை வைத்துக் காட்டுகிறேன். உங்கள் வீட்டு நிலைமையைப் படித்ததும் எனக்கு நினைவு வந்த இடம் இதுதான்.

பொதுக்காலம் 22ஆம் வாரம், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வரும். அந்தத் திங்களன்றுதான் லூக்கா தொடங்குகிறது. வியாழன் அன்று வருவது எல்லோருக்கும் தெரிந்த பெருமீன்பாடு (லூக் 5:1-11). நான் கடற்கரை ஊர்க்காரன். இந்தப் பகுதியைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு சொல்லைக் கவனிக்க எனக்கு வெகுநாள் ஆனது. இயேசு கரைக்கு வந்தபோது மீனவர்கள் "வலைகளை அலசிக்கொண்டிருந்தனர்." வலையை அலசுகிறார்கள் என்றால் அன்றைய தொழில் முடிந்தது என்று பொருள். பாசியும் குப்பையும் ஒட்டியதை எடுத்து, கிழிசல் பார்த்து, உலரப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய நேரம். மீன்பாடு இல்லாத நாளில் அந்த வேலை இன்னும் கனக்கும், ஒன்றும் கிடைக்காமல் அழுக்கை மட்டும் கழுவ வேண்டும். அலசி முடித்த வலையை மறுபடி நீரில் இறக்கச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து அலச வேண்டும். அந்த நேரத்தில்தான் ஒரு தச்சர் வந்து "ஆழத்திற்குத் தள்ளிக்கொண்டு போய்" வலையைப் போடச் சொல்கிறார்.

சீமோன் சொல்கிறார்: "ஐயா, இரவு முழுவதும் நாங்கள் பாடுபட்டு உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆயினும் உமது சொற்படியே வலைகளைப் போடுகிறேன்." அந்த 'ஆயினும்' எங்கிருந்து வந்தது? மறையுரைகளில் சீமோனின் கீழ்ப்படிதல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் வாரநாள் வாசகங்களைத் தொடர்ந்து கேட்டவருக்கு விடை முந்தின நாளே கிடைத்திருக்கும். புதன்கிழமை வாசகத்தில் இயேசு சீமோனின் வீட்டுக்குள் போயிருக்கிறார். சீமோனின் மாமியார் கடுங்காய்ச்சலில் கிடந்திருக்கிறார், அவர் எழுந்திருக்கிறார். தன் வீட்டுக்குள் வந்து தன் மாமியாரைத் தூக்கிவிட்டவர் கேட்பதால்தான் சீமோன் அலசிய வலையை மறுபடி இறக்குகிறார். ஞாயிறு வாசகங்களை மட்டும் கேட்பவருக்கு இது கிடைக்காது, ஏனென்றால் லூக்காவின் ஆண்டில் ஞாயிறு வாசகம் நாசரேத்துத் தொழுகைக்கூடத்திலிருந்து நேராகப் படகுக்குத் தாவிவிடும். நடுவில் உள்ள அந்த வீடு விடுபட்டுப்போகும்.

அதே பகுதியில் இன்னொன்று. வலை கிழியும் அளவு மீன் அகப்பட்டபின் சீமோன் சொல்வது: "ஆண்டவரே, நான் பாவி." மூன்று வசனத்துக்கு முன் 'ஐயா', இப்போது 'ஆண்டவரே'. நடுவில் நடந்தது ஒரு மீன்பிடிப்பு. தன் தொழிலிலேயே, தான் எல்லாம் அறிந்ததாக நினைத்த தண்ணீரிலேயே இயேசுவைக் கண்டுகொண்டார். இந்த மாற்றத்தைக் காண எந்த உரைநூலும் தேவையில்லை, திருவிவிலியத்தை மெதுவாக, வாய்விட்டு வாசித்தால் போதும்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு உங்களை மறுபடி அழைத்துப்போகிறேன். இயேசு அந்த மூதாட்டியின் அருகில் நின்று "காய்ச்சலைக் கடிந்துகொள்ள" அது நீங்கியது என்று லூக்கா எழுதுகிறார். மத்தேயு, இயேசு கையைத் தொட்டார் என்கிறார். மாற்கு, கையைப் பிடித்துத் தூக்கினார் என்கிறார். லூக்கா மட்டும்தான் 'கடிந்துகொண்டார்' என்கிறார். கிரேக்க மூலத்தில், சற்று முன் தொழுகைக்கூடத்தில் தீய ஆவியை அதட்டியதற்கும் பின்னால் கடலில் காற்றை அதட்டியதற்கும் இதே சொல்தான். அப்படியானால் படுக்கையில் இருந்தவர் மேல் ஒரு கடுஞ்சொல்லும் விழவில்லை, கோபம் முழுவதும் நோயின் மேல் போனது.

சகோதரி, இதை உங்களைக் குற்றம் சாட்ட எழுதவில்லை. உங்களுக்குள் இருக்கும் கோபத்துக்கு ஒரு நியாயமான இலக்கு இருக்கிறது என்று சொல்லத்தான். ஒரு பக்கம் செயலிழந்துபோன உடம்பு, குழறும் பேச்சு, இரவில் நான்கு தடவை எழுப்பும் அந்த நோய், அதன்மேல் கோபப்படுங்கள். வாய்விட்டுக்கூடச் சொல்லலாம்: "ஆண்டவரே, இந்த நோயைக் கடிந்துகொள்ளும்." அதே வாயால் மாமியாரிடம் பேசும்போது குரல் தானாகக் கொஞ்சம் இறங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர், தன் தாயைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர், இதைச் செய்து பார்த்துச் சொன்னதுதான் இது.

இப்போது எப்படி வாசிப்பது என்பதற்கு வருகிறேன். காலை உங்களுக்கு ஏற்ற நேரம் அல்ல என்று நினைக்கிறேன். குக்கர் விசில் எண்ணிக்கொண்டே நற்செய்தி வாசிக்க முடியாது. முந்தின இரவு, படுக்கும் முன் நாளைய நற்செய்தியை ஒரு தடவை வாசியுங்கள். கைபேசியில் வேண்டாம், திருவிவிலியத்தை எடுங்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எல்லாப் பங்கிலும் இருக்கும். தாளில் வாசித்தால் முன்பக்கமும் பின்பக்கமும் கண்ணில் படும், நேற்றைய பகுதி மேலே இருக்கும். காலையில் மறுபடி ஒரு தடவை, இந்த முறை சத்தமாக. நான் பீடத்தில் வாசிக்க வேண்டிய நாள்களில் வீட்டில் நான்கைந்து தடவை சத்தமாக வாசித்துப் பழகுவேன். கண்ணுக்குத் தப்பியது காதில் விழும் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. பிறகு ஒரே ஒரு சொல்லை அல்லது ஒரு சிறு தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'அலசிக்கொண்டிருந்தனர்' போல ஒன்று. முக்கியமான கருத்தாக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்களை எது உறுத்தியதோ, எது புரியவில்லையோ, அது. அதை மட்டும் நாள் முழுவதும் வைத்திருங்கள். பாத்திரம் தேய்க்கும்போது, பேருந்தில் நிற்கும்போது அது திரும்ப வரும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், மறையுரையாளர்களுக்குச் சொல்லும்போது, இறைவார்த்தையை வாசிக்கையில் வரும் சோதனைகளைக் குறிப்பிடுகிறார். அதில் ஒன்று என்னை அப்படியே பிடித்துக்கொண்டது: இந்தப் பகுதி மற்றவர்களுக்கு என்ன சொல்கிறது என்று யோசித்து, நமக்குச் சொல்வதிலிருந்து தப்பித்துக்கொள்வது. மறைக்கல்வி ஆசிரியனுக்கு இது தினசரி ஆபத்து. வாசகம் கண்ணில் பட்டதுமே "இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்" என்று மனம் ஓடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது வரும். "இதை என் கணவர் கேட்க வேண்டும்" என்று தோன்றிய கணத்தில் வாசகம் கைநழுவிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதும் அதுதான். அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு முடிந்ததுபோல் ஓர் ஆறுதல் வந்துவிடுகிறது.

இரவில் ஐந்து நிமிடம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தந்த, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனை முறையில் முதல் படி நன்றி சொல்வது, குற்றம் தேடுவது அதற்குப் பிறகுதான். நம்மில் பலர் முதல் படியைத் தாண்டிவிட்டு நேராகக் குற்றத்துக்குப் போகிறோம், அதனால்தான் ஆன்மச் சோதனை என்றாலே மனம் சுருங்குகிறது. இன்று காலை எடுத்த சொல் எங்கே திரும்ப வந்தது, எந்த இடத்தில் அதை விட்டுவிட்டேன் என்று பாருங்கள். விட்ட இடத்தை ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, நாளைய வாசகத்தை எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சில நாள்கள் ஒன்றுமே வராது. வாரக்கணக்கிலும் வராமல் போகும். அந்த வறட்சியில் முறையை மாற்றாதீர்கள். ஒளி இல்லாத நேரத்தில், ஒளி இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியார் வகுத்த விதிகளில் ஒன்று. சில நாள்கள் வருவதோ நெஞ்சை அடைப்பதாக இருக்கும். பொதுக்காலம் 20ஆம் வார வியாழன், ஒற்றைப்படை ஆண்டில், இப்தாகு தன் மகளையே நேர்ச்சையாகக் கொடுக்கும் கதை நீதித் தலைவர்கள் நூலிலிருந்து வருகிறது. அதை வாசித்துவிட்டு "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டும். நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், குரல் தடுமாறியது. அந்த நாளில் ஒரு நல்ல பாடத்தை அதிலிருந்து பிழிந்தெடுக்காதீர்கள். கடவுள் கேட்காத ஒரு நேர்ச்சையை ஒரு தகப்பன் செய்தான், விலையை மகள் கொடுத்தாள், அவளுக்காக ஊர்ப் பெண்கள் ஆண்டுதோறும் அழுதார்கள் என்று நூல் சொல்கிறது. அவளோடு அழுவதே அன்றைய செபமாக இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

அன்றைய வாசகம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் திருச்சபையில் சாட்சிகள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் அந்தோனியார் என்ற இளைஞர், பெற்றோரை இழந்து, தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு கோவிலுக்குள் நுழைந்தபோது வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது, செல்வரான இளைஞரிடம் உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்ன நற்செய்தி. அவர் வெளியே வந்து நிலத்தைக் கொடுத்துவிட்டார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1208 வாக்கில் போர்சியுங்குலா கோவிலில், பையும் மிதியடியும் கோலும் இன்றிச் சீடர்கள் அனுப்பப்பட்ட நற்செய்தியைக் கேட்டார். திருப்பலி முடிந்ததும் குருவிடம் போய் அதற்கு விளக்கம் கேட்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த விவரம். இருவருமே அந்தப் பகுதியைத் தேடிப் போகவில்லை. அன்றைக்கு அது வந்தது, அவர்கள் அங்கே இருந்தார்கள்.

நம் மண்ணிலும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டன், கால்நடைகள் சாக, பயிர் கெட, மனம் நொந்து நின்றபோது, குளச்சல் போரில் பிடிபட்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்திருந்த டச்சுக்காரர் டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். நான் இதில் கவனிப்பது டி லனாய் செய்த தேர்வை. துயரத்தில் இருந்தவரிடம் அவர் ஆறுதல் வாக்கியங்களை அடுக்கவில்லை, எல்லாவற்றையும் இழந்து கடவுளோடு வழக்காடிய ஒருவரின் கதையைச் சொன்னார். நீங்கள் சோர்ந்திருக்கும் நாளில் யோபு நூலின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அப்படியும் கடவுளிடம் பேசலாம் என்று தெரியும்.

என் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். தவக்காலம் முதல் வார வெள்ளி. நற்செய்தி மத்தேயு 5:20-26. காணிக்கையைப் பலிபீடத்தில் செலுத்த வரும்போது, உங்கள் சகோதரர் சகோதரிகளுக்கு "உங்கள்மேல் ஏதோ மனத்தாங்கல்" உண்டென நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்ற பகுதி. அதற்கு ஆறு வருடம் முன்பு அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது என் தங்கை பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவள், பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. யார் கேட்டாலும் "எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை" என்பேன். அது உண்மையும்கூட. ஆனால் அன்று காலை காதில் விழுந்தது 'உங்கள்மேல்' என்ற சொல். எனக்கு அவள்மேல் இருப்பதைப் பற்றி ஆண்டவர் கேட்கவே இல்லை, அவளுக்கு என்மேல் இருப்பதைக் கேட்கிறார். ஆறு வருடமாக நான் தவறான கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு போன் செய்தேன். எடுத்ததும் "யாருக்கு என்ன?" என்றாள், பதறிப்போய். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு முட்டி வலி பற்றிச் சொன்னாள், சாப்பிட்டாயா அண்ணா என்று கேட்டாள், வைத்துவிட்டாள். வீட்டைப் பற்றிப் பேச இன்னும் எட்டு மாதம் ஆனது. பேசினோம், அவளுக்குச் சேர வேண்டிய பங்கைக் கணக்குப் பார்த்து இரண்டு தவணையாகக் கொடுத்தேன். ஒரு காலை வாசகத்தில் காதில் விழுந்த ஒரு சொல் வங்கிக் கணக்கு வரைக்கும் வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. உங்கள் வீட்டில் உடனே மாற்றம் தெரியவில்லை என்று நீங்கள் வருந்தும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மாமியாரைப் பற்றி இரண்டு விஷயம். நற்செய்தியில் அந்த வீட்டார் மாமியாருக்காக இயேசுவிடம் 'வேண்டினர்' என்று பன்மையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த வேலையை நீங்கள் ஒருவரே செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வாரத்தில் இரண்டு இரவு உங்கள் கணவர் எழுந்திருக்கட்டும், அவர் தாய்தானே. உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில்) சொல்லுங்கள், ஞாயிறு ஒரு மணி நேரம் யாராவது வந்து உட்கார்ந்தால் நீங்கள் நிம்மதியாகத் திருப்பலிக்குப் போகலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம், அன்பியங்கள் இதற்காகத்தான்.

இரண்டாவது, வாசகத்தை நீங்கள் தனியாக வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் கட்டிலருகில் வாசியுங்கள். நற்செய்தி நீளமாக இருந்தால் பதிலுரைப் பாடல் மட்டும் போதும். பல்லவியை நீங்கள் சொல்லுங்கள், அவர் திரும்பச் சொல்லட்டும். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." பேச்சு குழறினாலும் இரண்டு மூன்று சொல் வரும், வராவிட்டால் உதடு அசையும். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும், சின்ன வயதில் மனப்பாடமான செபம் சில சமயம் தங்கிவிடுகிறது. அவர் வயதைப் பார்த்தால் 'அருள் நிறைந்த மரியே' என்பதைவிட 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்ற பழைய செபம்தான் அவர் நாவில் இருக்கும். உங்களுக்கு அது தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள். முதல் சொல்லை எடுத்துக்கொடுத்துவிட்டுக் காத்திருங்கள், அவர் மெதுவாகத்தான் சொல்வார்.